சாவிக்கு ஒரு நன்றியுரை

சாவி என்ற சொல்லைப் பற்றி மாதுங்காவில் இருபது நிமிடம் பேச வேண்டிய அன்று, பேச்சுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால், செம்பூரில் என் வீட்டுக் கதவு சாவியை உள்ளே வைத்துக்கொண்டு சாத்திக்கொண்டது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த இருபது நிமிடம் அது.

அந்த இருபத்திரண்டு வருடமும் எங்கள் மாதக் கூட்டத்தில் நான் நன்றியுரைதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே சொன்னேன், ரிட்டையர் ஆன பிறகும் சொன்னேன். வருகிற பேச்சாளருக்கு நன்றி, தலைமை தாங்கியவருக்கு நன்றி, மைக் செட்காரருக்கு நன்றி, காபி போட்டவருக்கு நன்றி. ஒருமுறை பேச்சாளர் வரவேயில்லை. வராத அவருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். அழைப்பிதழில் ‘சொற்பொழிவு’ என்ற வரிக்குப் பக்கத்தில் என் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

இந்த வருடம் கூட்டத்தின் செயலாளருக்கு என்ன தோன்றியதோ, பெண்கள் பக்கமிருந்தும் ஒருவர் பேசட்டும் என்றார். நான் உடனே ஒப்புக்கொண்டு, சாவியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சாவி தமிழ்ச் சொல்தானே, அதில் பேச என்ன இருக்கிறது என்றார். சாத்துவதற்கு உரியது சாவி என்பது அவருடைய கட்சி. அவருக்கு உலகத்தில் எல்லாமே தமிழ்ச் சொல்தான். போகட்டும், நல்ல மனிதர், மைக்கை விடமாட்டார் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

எனக்கு இந்தச் சொல்லின் மேல் பைத்தியம் பிடித்தது ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. லத்தீனில் சாவிக்குக் ‘க்ளாவிஸ்’ என்று பெயர். அது போர்ச்சுகலுக்குப் போனபோது, முன்னால் இருந்த ‘க்ள’ அந்த ஊர்க்காரர்கள் வாயில் தேய்ந்து ‘ச்ச’ ஆகிவிட்டது. க்ளாவிஸ் ‘ச்சாவெ’ ஆனது. அந்தச் சாவெயை இடுப்பில் செருகிக்கொண்டுதான் அவர்கள் இந்தக் கடற்கரையில் வந்து இறங்கினார்கள். இன்றைக்கு லிஸ்பனில் இருப்பவர்கள் அதை இன்னும் இளக்கி ‘ஷாவெ’ என்கிறார்களாம். நாம் பழைய ‘ச்சா’வை விடாமல் வைத்திருக்கிறோம். கொடுத்தவனே மறந்துபோனதை வாங்கியவன் பத்திரமாக வைத்திருப்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கண்கூடக் கலங்கும்.

இதை என் கணவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ‘க்ளாவிஸ்’ என்று நான் வாயைத் திறந்தால் போதும், தண்ணீர் பம்ப் போட வேண்டும் என்று எழுந்துவிடுவார். எங்கள் கட்டடத்தில் பம்ப் தானாகவே ஓடி நிற்பது. பத்து வருடமாக அப்படித்தான். அவர் பாலக்காட்டு வழி, பிறந்து வளர்ந்ததெல்லாம் பம்பாய், படித்தது இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவார். எழுத்தைப் பார்த்தால் ரயில் ஸ்டேஷன் பெயர்ப் பலகை அளவுக்குப் படிப்பார், அதற்கு மேல் போகமாட்டார். அவருக்குச் சாவி ‘தாக்கோல்’. அவர் அம்மா அப்படித்தான் சொல்வார்களாம்.

பேச்சுக்காக நான் தாராவிக்குக்கூடப் போனேன். தொண்ணூறு அடி ரோட்டில் டூப்ளிகேட் சாவி போடும் கடை ஒன்று. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், ஐம்பது வயது இருக்கும், கராமுரா என்று மெஷினில் சாவியை ராவிக்கொண்டே பேசுவார். சாவி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்காமல், “எல்லாம் அலிகார் சரக்குதாங்க்கா” என்றார். பூட்டுத் தொழிலுக்குப் பேர்போன வடக்கத்தி ஊர் அது. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பதினோரு பக்கம் சேர்ந்தது. பளிச்சென்ற நீலப் பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

இப்போது கதவுக்கு வருகிறேன்.

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் மாற்றுச் சாவியை மிதியடிக்குக் கீழே வைக்கமாட்டோம். வேறொரு வீட்டில் கொடுத்து வைப்போம். ஒரு தடவை பூட்டிய வீட்டில் குழாய் உடைந்து, மூன்று மாடிக்குத் தண்ணீர் இறங்கிய பிறகு சொசைட்டி மீட்டிங்கில் தீர்மானமே போட்டோம். முன்மொழிந்தது நான், வழிமொழிந்தது என் கணவர், அந்த மீட்டிங்கிலும் நன்றியுரை நான். எங்கள் சாவி எதிர்வீட்டு மராட்டிக்கார அம்மாளிடம். அவர் தன்னுடையதை மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் கம்ப்யூட்டர் பையனிடம் கொடுத்திருந்தார். அவன் தன்னுடையதைக் கீழ்வீட்டு மலையாளி மாஸ்டரிடம் கொடுத்திருந்தான். ஒருவர் வெளியே போனாலும் மற்றவர் இருப்பார் என்ற நம்பிக்கைதான். இதுவரை நடந்தும் வந்தது.

அன்று ஞாயிறு, ஜூலை மாதம், காலையிலிருந்து மழை. நாலரை மணிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஆட்டோ கிடைக்குமா என்று பார்க்கக் கையில் போனோடு மட்டும் கேட்டுக்குப் போனேன். ஆட்டோ ஒன்று நின்றது. ஃபைலை எடுத்துவர மாடி ஏறினால், என் கணவர் வேட்டி பனியனோடு வாசலில் நிற்கிறார், கையில் என் குடை. நான் குடையை மறந்துவிட்டேன் என்று கொடுக்க வெளியே வந்தாராம். அவர் பின்னால் காற்று கதவை அறைந்தது. தானாகப் பூட்டிக்கொள்ளும் லாட்ச் விழுந்த சத்தம் எனக்கு மாடிப்படியிலேயே கேட்டது.

நான் அவரை என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவர் குடையை நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

சரி, இதற்குத்தானே தீர்மானம் போட்டோம் என்று எதிர்வீட்டு மணியை அடித்தேன். திறக்கவில்லை. போன் செய்தால் அம்மாள் தாணேயில், மகள் வீட்டில். ஒன்றும் கவலைப்படாதீர்கள், உங்கள் சாவி என் சமையலறை ஆணியில் தொங்குகிறது, என் வீட்டுச் சாவி மூன்றாம் மாடிப் பையனிடம் இருக்கிறது, வாங்கித் திறந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஹிந்தியில் ஆறுதல் சொன்னார். மூன்றாம் மாடி ஏறினேன். பூட்டு. பையன் ஐரோலியில், ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட். அவனும் ஆறுதல் சொன்னான்: அம்மாளின் சாவி என் டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது ஆன்ட்டி, என் சாவி கீழ்வீட்டு அங்கிளிடம் இருக்கிறது. கீழே இறங்கினேன். கீழ்வீட்டிலும் பூட்டு. மாஸ்டர் கோபர்கைரனேயில் ஒரு கிரகப்பிரவேசத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் செண்டை மேளம் கேட்டது. பையனின் சாவி அவர் பூஜை அலமாரியில் இருக்கிறதாம்.

“உங்க வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு மாஸ்டர்?” என்று கேட்டேன்.

“டீச்சரே, அது நிங்ங கிட்டதானே தந்தேன்” என்றார். நான் ஒருநாளும் டீச்சராக இருந்ததில்லை. படித்த பெண்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர்தான்.

உண்மைதான். எங்கள் ஹாலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். ‘கீழ்வீடு’ என்று அட்டையில் எழுதி நூல் கட்டியதும் நான்தான். நாலு வீட்டுக் கதவும் ஒன்றையொன்று பார்த்துப் பூட்டிக்கொண்டு நிற்க, நாலையும் திறக்கும் வழி என் ஹாலில் என் கையெழுத்தோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. மாடிப்படியில் உட்கார்ந்தேன். பட்டுப்புடவை என்றும் பார்க்கவில்லை. நான் போகாவிட்டால் அந்த இருபது நிமிடத்தையும் செயலாளர் தானே பேசி நிரப்பிவிடுவார், சாவி அன்றோடு தமிழ்ச் சொல்லாகிவிடும், எனக்கு இன்னொரு தடவை யாரும் இடம் தரமாட்டார்கள். என் கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, வாட்ச்மேன் சுத்தியல் வைத்திருக்கிறான், கதவை உடைத்துவிடலாமா என்று கேட்டார். வேட்டியும் பனியனுமாக அவர் அதைக் கேட்ட விதத்தில், கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் தாராவிக்காரரின் நம்பர் போனில் இருப்பது ஞாபகம் வந்தது. மழையில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு அவர் வந்து சேரும்போது ஐந்தே முக்கால். ஒரு பெரிய இரும்புப் பெட்டி கொண்டுவந்தார். பெட்டியைத் திறக்கவேயில்லை. கதவை ஒரு பார்வை பார்த்தார். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் குளிர்பான பாட்டிலை எடுத்துச் சட்டைப் பையிலிருந்த கத்தரியால் ஒரு பட்டை வெட்டினார். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அதைச் செருகி ஒரு இழுப்பு. திறந்துகொண்டது. மூச்சு இழுத்து விடும் நேரம்கூட ஆகவில்லை.

“இந்தப் பூட்டுக்குச் சாவியே வேண்டாங்க்கா” என்றார்.

சாவியின் மகத்துவத்தைப் பேசக் கிளம்பியவளிடம் சொல்கிற பேச்சா இது. பதினான்கு வருடமாக அந்த லாட்ச்சை நம்பி ஊருக்கெல்லாம் போய் வந்திருக்கிறோம். என் கணவர் அந்தப் பாட்டில் பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனிமேல் கதவை விட்டு நகரமாட்டேன், நீ போ என்றார். நாலு வீட்டுச் சாவிக்கும் இப்போது தான்தான் பொறுப்பு என்ற நினைப்பு அவருக்கு. நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் மேஜையிலிருந்து பிளாஸ்டிக் ஃபைலை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

ஆட்டோ எப்போதோ போய்விட்டது. கிடைத்தாலும் சயானோடு நிறுத்திவிடுவான், ஆட்டோவுக்கு அதற்கு மேல் அனுமதியில்லை, டாக்சி பார்க்க வேண்டும். தாராவிக்குத்தானே திரும்புகிறேன், மாதுங்கா எட்டுகிற தூரம், ஏறுங்கள் என்றார் கடைக்காரர். ஏறினேன். இரும்புப் பெட்டி என் மடியில், ஃபைல் பெட்டிக்கு மேல், குடை ஃபைலுக்கு மேல். விரித்த குடை காற்றில் மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. சயான் சிக்னலில் நின்றபோது, எதைப் பற்றிக்கா பேசப்போறீய என்று கேட்டார். சாவியைப் பற்றி என்றேன். அவர் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார், அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டார்.

ஹாலுக்குள் நான் நுழையும்போது ஆறே முக்கால். மேடையில் செயலாளர். சாத்துதல், சாத்து, சாத்துவி, சாவி என்று போர்டில் எழுதி அம்புக்குறி போட்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஐந்தாவதாக ஒரு அம்புக்குறி போட்டார். ஈரப்புடவையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தேன். உள்ளே பிராப்பர்ட்டி டாக்ஸ் ரசீதும் கேஸ் சிலிண்டர் புத்தகமும் இருந்தன. எங்கள் வீட்டில் எல்லா ஃபைலும் நீலம். அழுவதற்குக்கூட எனக்கு அப்போது தெம்பில்லை.

ஏழு மணிக்கு அவர் முடித்தார். தலைமை தாங்கியவர் ஐந்து நிமிடம் அவரைப் பாராட்டினார். பிறகு எனக்குப் பழக்கமான அந்த அறிவிப்பு மைக்கில் வந்தது: இப்போது நன்றியுரை. பேச்சு போனாலும், வழக்கம்போல அது என் பெயரில்தான் இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் நன்றியுரை முடிந்தால்தான் காபி டிரம்மின் குழாயைத் திறப்பார்கள். முன்பு ஒரு காலத்தில் காபியை முதலில் கொடுத்து, குடித்துவிட்டு எல்லாரும் கிளம்பிப்போய், காலி நாற்காலிகளுக்கு நன்றி சொன்ன பிறகு ஏற்பட்ட சட்டம் இது. நன்றியுரையை யாரும் குறுக்கே பேசி நிறுத்தவும் மாட்டார்கள். ஒவ்வொருவரும் தன் பெயர் வரும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள். விட்டுப்போனால் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக இந்த இரண்டு விஷயமும் எனக்குத் தெரியும். மைக்கைப் பிடித்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வசதி என்று உறைத்தது. கேஸ் புத்தகத்தை ஒரு மரியாதைக்காக விரித்து வைத்துக்கொண்டேன்.

“முதல் நன்றி ரோமாபுரிக்காரர்களுக்கு. கதவு திறக்கும் கருவிக்குக் க்ளாவிஸ் என்று பெயர் வைத்துக் கொடுத்தார்கள்” என்றேன்.

செயலாளர் நிமிர்ந்தார். இரண்டாவதாகப் போர்ச்சுகீசியருக்கு நன்றி சொன்னேன், அந்தக் க்ள-வைத் தேய்த்துச் சாவெ ஆக்கியதற்கு. நம்பாதவர்களுக்காக வெளியே பெய்யும் மழைக்கு நன்றி சொன்னேன். மழை லத்தீனில் ‘ப்ளூவியா’. அதே போர்ச்சுகீசிய வாயில் அதுவும் தேய்ந்து ‘ச்சூவா’ ஆயிற்று. க்ள ஆனாலும் ப்ள ஆனாலும் அவர்களுக்கு ஒரே கதிதான். அதை வாங்கிச் ‘சாவி’ என்றே வைத்துக்கொண்ட கொங்கணிக்காரருக்கும் மராட்டிக்காரருக்கும் நன்றி, ‘சாபி’ ஆக்கிய ஹிந்திக்காரருக்கு நன்றி. என் சாவியைத் தன் ஆணியில் மாட்டிவிட்டுத் தாணே போன எதிர்வீட்டு அம்மாளுக்கு நன்றி. இந்த வரிசையில் இருக்கும் எல்லாரும் ஒருவர் பொருளை ஒருவர் வீட்டில் கொடுத்து வைத்தவர்கள்தான். யாருடையது எது என்று இப்போது பிரிக்க முடியாது. நாலு வீட்டுக் கதையை முழுசாகச் சொன்னேன். காபி டிரம் பக்கத்தில் நின்றிருந்த சமையல்காரர் உட்கார்ந்து சிரித்தார்.

காறை எலும்புக்கும் நன்றி சொன்னேன். கழுத்துக்குக் கீழே குறுக்கே ஓடுகிறதே, அதற்கு டாக்டர்கள் ‘க்ளாவிக்கிள்’ என்று சொல்வது குட்டிச் சாவி என்ற அர்த்தத்தில்தான். ஆகவே எந்த வீட்டில் மறந்து வைத்தாலும் ஆளுக்கு இரண்டு சாவி நம்மிடம் எப்போதும் உண்டு என்றேன். ஹாலில் இருந்த அறுபது பேரும் சட்டைக் காலருக்குள்ளும் புடவைத் தலைப்புக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்கள். தலைமை தாங்கியவரும் தடவினார். செயலாளர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் நைசாக ஒருபக்கம் தொட்டுப் பார்த்ததை நான் கவனித்தேன்.

“கடைசியாகச் செயலாளர் அவர்களுக்கு நன்றி. சாத்துவதால் சாவி என்றார். இன்று என் வீட்டுக் கதவு சாவியே இல்லாமல்தான் சாத்திக்கொண்டது. சாத்துவதற்குக் காற்று போதும்” என்றேன்.

திறப்பதற்கு ஒரு பாட்டில் போதும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். எனக்கும் ஒரு கட்சி இருக்கிறதல்லவா.

காபி குடிக்கும்போது செயலாளர் வந்தார். நன்றியுரை கொஞ்சம் நீண்டுவிட்டது என்றார். இருபது நிமிடம்தான் சார், நீங்கள் கொடுத்ததுதான் என்றேன். அவர் வடையை எடுத்துக்கொண்டு போனார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும், டாக்சியில் வரும்போது ஒரு சின்ன முள் குத்திக்கொண்டே இருந்தது. கைதட்டினார்கள், சிரித்தார்கள், எல்லாம் சரி. எழுதிய பதினோரு பக்கத்தையும் யாரும் கேட்கவில்லை. கூட்டத்தின் கணக்கில் நான் இன்னும் நன்றியுரைக்காரிதான்.

வீட்டுக்கு வந்தபோது எட்டு மணி. என் கணவர் அதே வேட்டி பனியனோடு அதே நாற்காலியில் வாசலில் உட்கார்ந்திருந்தார். கதவு இடுக்கில் என் சமையலறை அம்மிக்குழவி, சாத்திக்கொள்ளாமல் இருக்க. மடியில் நீல ஃபைல், என்னுடையது. மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்கியிருந்தது. ஆட்காட்டி விரலை வரிக்குக் கீழே வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததுகூடத் தெரியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேலாக இதைத்தான் செய்திருக்கிறார். அங்கேயே நின்று பார்த்தேன். இந்த மனிதரிடம் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அந்தப் படியில் நின்றபோது தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்து, “பேசினாயா?” என்றார்.

நன்றி சொன்னேன் என்றேன். அவருக்கு அதன் அர்த்தம் தெரியும். முகம் விழுந்துவிட்டது. நான் குடை எடுத்துண்டு வந்திருக்கப்படாது என்றார். பரவாயில்லை, குடையும் போய்விட்டது என்று கம்பி மட்டும் இருந்த அதைக் காட்டினேன்.

அவர் ஃபைலை என் பக்கம் திருப்பினார். நான்காம் பக்கத்தில் விரல் இருந்தது. தாழ்ப்பாளைத் திறக்கும் கோல் தாழ்க்கோல், அதுதான் பாலக்காட்டில் தாக்கோல், சாவி வருவதற்கு எத்தனையோ காலம் முன்னாலேயே நம்மிடம் இருந்தது என்று நான் எழுதிய இடம்.

“எங்கம்மா சொன்னதை நீ இதிலே எழுதியிருக்கே” என்றார். “இதுக்கு மேலே கூட்டெழுத்தா இருக்கு. மிச்சத்தை நீ படி.”

செருப்பு ஸ்டாண்டை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். ஈரப்புடவை ஒட்டியது. ஐந்தாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். க்ளாவிஸ் என்ற இடம் வந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். பம்ப் போட அவர் எழுந்திருக்கவில்லை.